எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா, வேண்டாமா? கையெழுத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

என் முந்தைய காரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போனபோது கையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தது. பணம் மட்டும் வரவில்லை.

நடந்தது இதுதான். வேலை விஷயமாக நான் அடிக்கடி வெளியூரில் இருந்த காலம் அது. கார் பெரும்பாலும் வீட்டில்தான் நின்றது, கடைசியாக ஆயில் மாற்றிய பிறகு 14 மாதத்தில் ஓடியது 6,000 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது மட்டும் மனதில் பதிந்திருந்ததால், இன்னும் நேரம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வாரண்டித் தாளில் அந்த வரி முழுதாக இப்படி இருந்தது: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. சர்வீஸ் சென்டர் மேனேஜர் அந்த வரியின் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பேச ஒன்றும் இல்லை. டர்போவுக்குள் சுற்றும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும், அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான், ஆயில் கெட்டால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். அவர்கள் சொன்னதில் ஓரளவு நியாயமும் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதற்கப்புறம் இரண்டு முறை இதே முடிவை எடுக்க வேண்டி வந்தது. ஒரு காருக்கு வேண்டாம் என்றேன், இன்னொன்றுக்கு எடுத்தேன். எப்படி யோசித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், எது எதற்கு

மூன்று விஷயங்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மோதல், திருட்டு, வெள்ளம், தீ, எலி கடித்த வயர், இவை எல்லாம் இன்சூரன்ஸ் பக்கம். வெள்ளத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய் அது நின்றுவிட்டால் எந்த வாரண்டியும் எட்டிப் பார்க்காது. பிரேக் பேட், டயர், வைப்பர், ஃபில்டர், ஆயில், பல்பு, சாதாரண 12 வோல்ட் பேட்டரி போன்ற தேய்ந்து போகிற சாமான்கள் உங்கள் செலவு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான இடம் இருக்கிறது: யாரும் எதுவும் செய்யாமல், ஒழுங்காக ஓட்டிப் பராமரித்தும், ஒரு பாகம் தானாகப் பழுதாகிறது. வாரண்டி நிற்பது அந்த இடத்தில் மட்டும்தான்.

காரோடு வருவது கம்பெனி வாரண்டி, அதன் விலை காரின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது நீட்டிப்பு என்று விற்பது, அது முடிந்தபின் தொடரும் தனி ஒப்பந்தம். அதைக் கார் தயாரித்த கம்பெனியே தரலாம், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தரலாம், நீங்கள் பெயரே கேட்டிராத மூன்றாவது ஒருவர் தரலாம். ஷோரூமில் விற்கிறார்கள் என்பதால் கார் கம்பெனியுடையது என்று அர்த்தமில்லை. அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நாளைக்கு கியர்பாக்ஸ் போனால் பில்லுக்குப் பணம் தருவது யார்?" ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் இருக்கும். கார் கம்பெனியின் பெயர் இருந்தால் அதன் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் பொதுவாகச் சிக்கல் குறைவு. முகம் தெரியாத கம்பெனி என்றால், அது இழுத்து மூடப்பட்டால் உங்கள் தாளும் அதோடு போய்விடும், அதற்குப் பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் காரில் என்ன இருக்கிறது

இந்த முடிவில் பாதிக்கு மேல் இங்கேயே தெரிந்துவிடும், விற்பவர் பேசாததும் இதைத்தான். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், கையால் போடும் கியர், பெரிய திரை எதுவும் இல்லை என்றால், அந்தக் காரில் உங்களைப் படுக்க வைக்கிற அளவுக்குச் செலவு வைக்கும் பாகங்களே கொஞ்சம்தான். ஏசி கம்ப்ரசர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் மோட்டார், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கிளட்ச் தட்டு தேய்மானக் கணக்கில் போய்விடும், அதற்கு எப்படியும் வாரண்டி கிடைக்காது.

டீசல் கதை வேறு. இன்றைய டீசலில் எரிபொருளை 2,000 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றி இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சுகிறார்கள், அந்த பம்ப்பும் இன்ஜெக்டரும் முடியின் தடிமனைவிட நுண்ணிய இடைவெளியில் செதுக்கப்பட்டவை, கொஞ்சம் தண்ணீரோ தூசியோ எரிபொருளில் கலந்தால் போதும். அப்படிக் கலப்பட எரிபொருளால் கெட்டது என்று எழுதிவிட்டால் வாரண்டி கையை விரித்துவிடும் என்பது அதிலேயே இன்னொரு சிக்கல். கூடவே டர்போ, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். குறுகிய தூரமே ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஃபில்டர் சூடேறி எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும், பல ஒப்பந்தங்கள் அதையும் தேய்மானம் என்றோ பயன்பாட்டுக் கோளாறு என்றோ தள்ளிவைக்கின்றன.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். திரவத்தின் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை பழைய, நிதானமான தொழில்நுட்பம். இரட்டைக் கிளட்ச் வகையில், அதிலும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் இருந்தால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு ஏறும். கிளட்சை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பெட்டி போனால் பில் கண்ணைக் கட்டும். தனித்தனிக் கியர்களே இல்லாத சிவிடி வகை என்றால் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் எஃகு பெல்ட், அதன் ஆயுள் அந்த கியர்பாக்ஸ் திரவத்தை ஒழுங்காக மாற்றுவதில் இருக்கிறது. இந்த மாதிரி கியர்பாக்ஸ் உள்ள காரை 5 வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் என் மனம் வாரண்டி பக்கம்தான் சாயும். எங்கள் வீட்டில் எடுத்த வாரண்டியும் அப்படி ஒரு காருக்குத்தான்.

மின்சாரக் காரில் எல்லோரும் பயப்படுவது பெரிய பேட்டரியைப் பற்றி. ஆனால் அதற்குக் கம்பெனிகளே தனியாக நீண்ட வாரண்டி தருகின்றன, பரவலாகக் காணப்படுவது 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவர்கள் பொறுப்பு. உங்கள் மாடலுக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேட்டரி பயத்தைக் காட்டி நீட்டிப்பை விற்றால் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதையே மறுபடி விற்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மற்றதைப் பற்றி: மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், காருக்குள் இருக்கும் சார்ஜர், ஏசி கம்ப்ரசர். பல மின்சாரக் கார்களில் ஏசி அமைப்புதான் பேட்டரியையும் குளிர்விக்கிறது, அதனால் அந்தக் கம்ப்ரசர் போனால் வியர்ப்பதோடு விஷயம் முடியாது.

திரை, கேமரா, சென்சார், இதெல்லாம் எந்த வகைக் காரிலும் இப்போது இருக்கிறது. விலை குறைந்த வாரண்டித் திட்டங்களில் இவை பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேளுங்கள்.

கணக்கு

பொதுவாகப் பார்த்தால் வாரண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கட்டிய பணத்தைவிடக் குறைவாகத்தான் திரும்பப் பெறுகிறார்கள். ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. எல்லோருடைய ரிப்பேர் செலவும் சேர்த்து, அலுவலகச் செலவு சேர்த்து, விற்பவரின் கமிஷன் சேர்த்து, லாபமும் வைத்துத்தான் விலை போடுகிறார்கள், வேறு எப்படிப் போட முடியும்? அதனால் "லாபமா" என்று கேட்டால் பதில் ஏறக்குறைய எப்போதும் இல்லை. கேட்க வேண்டியது, ஒரு பெரிய பில் ஒரே நாளில் வந்தால் என்னால் தாங்க முடியுமா என்பது.

இதைக் காற்றில் யோசிக்காமல் எண்ணாகப் பாருங்கள். ஷோரூமுக்குப் போகாமல் சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்து, உங்கள் மாடலுக்கு நாலு பாகங்களின் விலையும் மாட்டும் லேபர் சார்ஜும் கேளுங்கள்: கியர்பாக்ஸ் அல்லது அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, டர்போ இருந்தால் டர்போ, ஏசி கம்ப்ரசர், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக். பத்து நிமிட வேலை. வாரண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த நாலில் பெரியது 500 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாகம் வாரண்டிக் காலத்துக்குள் போவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் விலை சரிக்குச் சரி. உங்கள் மாடலில் அது அடிக்கடி போகிறதா என்று நன்றாகத் தெரிந்தவர் அங்கே வேலை செய்கிற மெக்கானிக். "இந்த வண்டியில் என்ன அடிக்கடி வரும்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள், தயங்காமல் சொல்வார்கள். எல்லா பாகமும் சேர்ந்தே 150-ஐத் தாண்டவில்லை என்றால் வாரண்டி எதற்கு?

அந்த 500 நாளைக்கே வந்தால் சேமிப்பிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவீர்களா, அல்லது கடன் வாங்க வேண்டுமா, கார் மாதக்கணக்கில் நிற்குமா, அது நின்றால் உங்கள் பிழைப்பும் நிற்குமா? கடன் வாங்க வேண்டியவருக்கு வாரண்டி விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நியாயம் இருக்கிறது. கட்டிவிட முடிகிறவர் அதே பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, ரிப்பேர் வராவிட்டால் பணம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் "தனியாகப் போட்டுவைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போடாமல் விடுகிற ஆள் நீங்கள் என்றால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: வாரண்டி விலையைக் கார் கடனோடு சேர்ப்பது. மாதத் தவணையில் கொஞ்சம்தான் ஏறும் என்பார்கள், அதற்கும் வட்டி ஓடும், பாதுகாப்பு தொடங்குவதற்கு முன்னாலிருந்தே.

நீங்கள் ஓட்டும் தூரம்

இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் அதிகம். கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், நீட்டித்தால் 5 வருடம் அல்லது 1,20,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருடத்துக்கு 30,000 ஓட்டுகிறவர். மூன்றாம் வருட முடிவில் 90,000 ஆகியிருக்கும், நாலாம் வருட முடிவில் 1,20,000, அதோடு சரி. இரண்டு வருடத்துக்குக் கட்டிய பணத்துக்கு ஒரே வருடம்தான் கிடைத்தது. வருடத்துக்கு 8,000 ஓட்டுகிறவருக்கு இரண்டு வருடமும் முழுதாகக் கிடைக்கும், ஆனால் 5 வருடத்தில் 40,000 மட்டுமே ஓடிய கார் அவருடையது, தேய்மானத்தால் பெரிதாக எதுவும் போவதற்கு வாய்ப்பு குறைவு. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்துகிறது. உங்கள் ஓடோமீட்டரை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். "5 வருட வாரண்டி" என்றால் கார் வாங்கிய நாளிலிருந்து 5 என்றே பெரும்பாலும் அர்த்தம், கம்பெனி வாரண்டி முடிந்தபின் 5 என்று இல்லை, அதையும் எழுத்தில் பாருங்கள். நாலாம் வருடத்துக்குள் விற்றுவிடுவீர்கள் என்றால் வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறுமா, கட்டணம் உண்டா என்பது முக்கியம், மாறும் என்றால் விற்கும்போது கொஞ்சம் விலை கேட்கலாம்.

பொடி எழுத்து

விளம்பரத் தாளைத் தருவார்கள். அது வேண்டாம், முழு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். "கையெழுத்துப் போட்டபின் மெயிலில் வரும்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஒப்பந்தங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒரு வகை, எதற்கெல்லாம் உண்டு என்று பட்டியல் போடும், அதில் பெயர் இல்லாத எதற்கும் கிடையாது. இன்னொரு வகை, எதற்கெல்லாம் இல்லை என்று பட்டியல் போடும், மீதி எல்லாவற்றுக்கும் உண்டு. இரண்டாவதுதான் நல்லது, விலையும் அதிகம். முதல் வகையில் "இன்ஜின்: ஆயிலில் நனையும் உள் பாகங்கள் அனைத்தும்" என்று ஒரு வரி வரும். படிக்கும்போது இன்ஜின் முழுக்க உண்டு என்றுதான் தோன்றும். தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர், சென்சார்கள், இவை இன்ஜினில் மாட்டியிருந்தாலும் ஆயிலில் நனைவதில்லை. அந்த ஒரு சொல்லில் பாதி காணாமல் போய்விட்டது.

அடுத்தது தொடர் சேதம். தண்ணீர் பம்ப்புக்கு வாரண்டி உண்டு என்று வைத்துக்கொள்வோம். அது போகிறது, சூடு முள் ஏறுகிறது, வீடு பக்கத்தில்தானே என்று நீங்கள் ஓட்டிக்கொண்டே போகிறீர்கள், இன்ஜினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடுகிறது. பம்ப்புக்குப் பணம் வரும், ஹெட்டுக்கு வராது, பில்லில் தொண்ணூறு சதவீதம் ஹெட்டாக இருந்தாலும். எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் ஓட்டினார் என்று காரின் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுபக்கமும் கேளுங்கள்: வாரண்டி இல்லாத பாகம் கெட்டு, வாரண்டி உள்ள பாகத்தைக் கெடுத்தால்? பிரித்துப் பார்க்கும் கூலி யார் தலையில்? பல இடங்களில், பிரித்துப் பார்த்து இது வாரண்டிக்குள் வராது என்று முடிவானால் அந்தக் கூலி உங்களுடையது. ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு என்ன, மொத்தமாக எவ்வளவு, லேபர் சார்ஜை முழுதாகத் தருவார்களா அல்லது அவர்களாக ஒரு அளவு வைத்திருக்கிறார்களா, கிலோமீட்டர் ஏற ஏற பாகத்தின் விலையில் கழித்துக்கொள்வார்களா. உச்சவரம்பு உங்கள் கியர்பாக்ஸ் விலையைவிடக் குறைவு என்றால் அந்த வாரண்டி எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே வாங்கிய விளக்கு, ஹார்ன், ஸ்பீக்கர் மாட்ட வயரை வெட்டியிருந்தால் மின்சாரக் கோளாறு க்ளெய்ம் அவ்வளவுதான். இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி வேகம் கூட்டியிருந்தால் பேசவே வேண்டாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே விற்கப்படும் வாரண்டியில் "ஏற்கெனவே இருந்த கோளாறு" என்ற ஒரு வரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும், தொடங்குவதற்குக் காத்திருப்புக் காலமும் இருக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்குவதற்கு முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவது மேல்.

எப்போது வாங்குவது

டெலிவரி அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கம்பெனி தரும் திட்டங்களை கம்பெனி வாரண்டி முடிவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்றுதான் பொதுவாக இருக்கும், தள்ளிப்போனால் விலை படிப்படியாக ஏறும். "இன்று மட்டும் இந்த விலை" என்றால் விலை ஏறும் தேதிகளை எழுத்தில் கேளுங்கள். ஏறும் தொகை சிறியதென்றால் நான் காத்திருப்பேன், அதற்குள் ஓட்டும் தூரம் தெரிந்துவிடும், காரின் குணமும் தெரிந்துவிடும். முடிந்தபின் போனால் சோதனை, காத்திருப்பு என்று இழுக்கும், சில சமயம் தரவே மாட்டார்கள்.

விலை பேசலாம். ஒரே கம்பெனியின் அதே திட்டத்தை இன்னொரு டீலரிடமும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் வரும், அதில் அவர்களுக்குக் கமிஷன் இருக்கிறது. ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், "உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது" என்று தானாக வரும் போன்களுக்குக் காரின் சேஸிஸ் எண்ணையோ கார்டு எண்ணையோ சொல்லாதீர்கள். உண்மையிலேயே முடியப்போகிறதா என்பது உங்கள் தாளிலேயே இருக்கிறது.

வேண்டாம் என்று முடிவு செய்தால்

கம்பெனி வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் காரைக் கொண்டுபோய் முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சத்தம், கியர் மாறும்போது ஒரு குலுக்கல், ஸ்டியரிங்கில் இழுப்பு, எதுவானாலும் சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரையும் வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதவைத்து ஒரு நகல் வாங்குங்கள். "இப்போதைக்குப் பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் அதே பாகம் போனால், காலம் முடிவதற்கு முன்பே புகார் பதிவாகியிருப்பது உங்கள் பக்கம் பேசும். முடிந்து கொஞ்ச நாளில் பெரிய பாகம் போனாலும் உடனே பணத்தை எடுக்காதீர்கள், ஒழுங்கான சர்வீஸ் பில்களோடு கம்பெனியிடம் நல்லெண்ண அடிப்படையில் பங்கு கேட்டு எழுதுங்கள், சில சமயம் பாதியாவது தருவார்கள். 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால், அதாவது தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது, ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது வாரண்டி முடிந்திருந்தாலும் பொதுவாக இலவசம்.

எடுத்துவிட்டால்

சர்வீஸ் தேதியைப் போனில் போட்டுவையுங்கள், கிலோமீட்டரை நம்பாதீர்கள். நான் 11-ஆம் மாதத்துக்கு வைத்திருக்கிறேன், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பில்லிலும் தேதி, ஓடோமீட்டர் எண், போட்ட ஆயிலின் தரம் மூன்றும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்குள் பார்த்துவிடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பில் தாள்கள் இரண்டே வருடத்தில் வெளுத்துப்போய் வெற்றுத் தாளாகிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டுங்கள், இழுவை வண்டிக்குச் செலவானாலும் சரி. வண்டி உள்ளே போனதும், வாரண்டி கம்பெனியின் அனுமதி வருவதற்கு முன்னால் யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்று சொல்லுங்கள், அனுமதி வந்ததும் அந்த எண்ணை ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.